ஈப்போவில் நடந்த பென்சில்வேனியா தேர்தல்

நான் போட்ட முதல் ஓட்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் போட்டது. சொந்த நாட்டில் ஓட்டுப் போடும் வயது வர எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஈப்போவில் எங்கள் பள்ளிக்கூட நூல்நிலையத்தில், காலை இடைவேளை மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, நான்காக மடித்த ஒரு காகிதத்தைப் பால்மாவு டின்னுக்குள் போட்டேன். அதனால் எந்த நாட்டுக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்கு ஒரு சிநேகிதம் போயிற்று.

எழுபதுகளின் பின்பாதி அது. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தின் முதல் வருஷத்தில் இருந்தேன். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்திருந்தோம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பா சுண்ணாம்பு மலையடிவாரத்தில் ஒரு கல்லுடைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வரிசை வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். காயப்போட்ட துணியை அம்மா உதறி உதறித்தான் உள்ளே எடுத்து வருவார், அவ்வளவு வெள்ளைப் புழுதி. எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவம் வரை வந்தது நான் ஒருத்திதான். இதை வீட்டில் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அண்ணன் மட்டும் தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது, வழியில் பார்க்கிறவர்களிடம் "தங்கச்சி ஃபார்ம் சிக்ஸ்லா" என்பான்.

என் தோழி எனக்கு மூன்று நிறுத்தம் தள்ளி பஸ் ஏறுவாள். இலங்கைத் தமிழ்க் குடும்பம். அவளுடைய அப்பா அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். அவர்கள் வீட்டில் எல்லோரும் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் சமாதானமாவார்கள். ஆறாம் படிவத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் கலைப் பிரிவில் தமிழ்ப் பெண்கள். முதல் நாளே ஒரே மேசையில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் நான் அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். என் பேச்சில் வரும் தோட்டத்துச் சொற்களை அவள் திருத்தவில்லை, அவள் பேச்சைக் கேட்டு நானும் சிரிக்கவில்லை. அந்த வயதில் சிநேகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

எங்களுக்குப் பொது அறிவும் கட்டுரையும் சேர்ந்த பொதுத்தாள் பாடம் எடுத்தவர் அமெரிக்காவிலிருந்து தன்னார்வத் தொண்டராக வந்த ஓர் இளம்பெண். எங்களைவிட ஆறேழு வயதுதான் கூடுதலாக இருக்கும். சைக்கிளில் வருவார். வந்து இறங்கியதும் முகம் தக்காளிப் பழம்போல் இருக்கும். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். அவருடைய சொந்த மாநிலம் பென்சில்வேனியா. அரையாண்டுப் பரீட்சை முடிந்து, புதிதாகப் பாடம் எதுவும் தொடங்க முடியாத இரண்டு வாரம் இருந்தபோது, தன் மாநிலத்தில் அந்தக் காலத்தில் நடந்த ஒரு ஜனாதிபதித் தேர்தலை வகுப்பில் நடத்திப் பார்க்கலாம் என்றார்.

அது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றாறில் நடந்த தேர்தல். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி இனிமேல் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்ட பிறகு, முதல்முறையாக இரண்டு பேர் உண்மையாகவே போட்டியிட்டது. வேட்பாளர்களின் பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஒருவர் வடக்கு மாநிலத்தவர், மற்றவர் தெற்கு. அதனால் வடக்குக்காரர், தெற்குக்காரர் என்றே வைத்துக்கொண்டோம்.

"ஜனங்கள் நேரடியாக இவர்களில் ஒருவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்" என்றார் மிஸ். "அவர்கள் பேராளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பேராளர்கள் பிறகு ஒருநாள் கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள்."

"அப்படியானால் பேராளர் தன் இஷ்டத்துக்குப் போடலாமா, மிஸ்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மலாய்ப் பையன் கேட்டான்.

"சட்டத்தில் தடை எதுவும் இல்லை" என்றார் மிஸ். அதற்கு மேல் விளக்கவில்லை. கேள்வி கேட்ட பையன் அதைக் குறித்துக்கொண்டான். நான் குறித்துக்கொள்ளவில்லை.

பென்சில்வேனியாவுக்குப் பதினைந்து பேராளர்கள். எங்களுக்கு அதை ஏழாகக் குறைத்தார். வடக்குக்கு ஏழு பேர் கொண்ட ஒரு பட்டியல், தெற்குக்கு ஏழு பேர் கொண்ட ஒரு பட்டியல். யார் எந்தப் பட்டியல் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். நான் வடக்கில் விழுந்தேன், மலாய்ப் பையனும் வடக்குதான். என் தோழி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. பெயர் வராதவர்கள் ஏதாவது ஒரு கட்சிக்கு வேலை செய்யலாம் என்று மிஸ் சொன்னதும் அவள் எழுந்து, "நான் வடக்கு" என்றாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் எங்கள் கட்சி அவள் கைக்குப் போய்விட்டது.

ஓட்டுப் போடுகிறவர்கள் ஆறாம் படிவத்தின் மற்ற வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாவட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பால்மாவு டின். திடலுக்கு அப்பால் பழைய மரக்கட்டடத்தில் இருந்த அறிவியல் வகுப்பை மேற்குக் கோடியில், மலைகளுக்கு அந்தப்பக்கம் இருக்கும் மாவட்டமாக வைத்தார். வியாழக்கிழமை இடைவேளை மணிக்குள் எல்லா டின்களும் வந்து சேர வேண்டும், பிந்தி வருவது கணக்கில் சேராது என்றார்.

இதில் கஷ்டமான விதி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே அச்சடித்த வாக்குச் சீட்டு செல்லாது. ஏழு பெயரையும் கையால் எழுதியிருக்க வேண்டும், ஆனால் யார் கையால் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆகவே முன்கூட்டியே எழுதி வைத்து ஆட்களிடம் கொடுக்கிற கட்சிக்குத்தான் லாபம். இதை என் தோழி உடனே பிடித்துக்கொண்டாள். தெற்குக் கட்சியின் தலைவனாக இருந்த சீனப் பையனும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு இன்னொரு வசதி. அவர்கள் பட்டியலில் பெரும்பாலும் மூன்று எழுத்து, நான்கு எழுத்துச் சீனப் பெயர்கள்.

சனிக்கிழமை காலை தோழி வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். வடக்குக் கட்சியில் ஐந்தாறு பேர் வந்திருந்தோம். அவளுடைய அம்மா ஆளுக்கொரு கிண்ணத்தில் பயற்றங்கஞ்சி கொடுத்தார். அவளுடைய அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். என்ன தேர்தல் என்று கேட்டு, எந்த வருஷம் என்று தெரிந்ததும், "அவ்வளவு பழசோ" என்று திரும்பிப் போய்விட்டார்.

தோழி முதலில் ஒரு மாதிரிச் சீட்டு எழுதிக் காட்டினாள். ஏழாவதாக என் பெயர். அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அடையாள அட்டையில் இருப்பதுபோல இன்னாரின் மகள் என்று அப்பா பெயர் இல்லை. அப்பாவின் பெயர் நீளம்தான், பதினெட்டு ஆங்கில எழுத்துகள்.

"அப்பா பேர் இல்லியே" என்றேன்.

"இத்தனை சீட்டிலயும் அதை எழுதிக்கொண்டிருந்தால் பொழுது விடிஞ்சிடும். உன்ர பேர் இருந்தால் காணும்தானே."

அவள் சொன்னது சரிதான். மலாய்ப் பையனின் பெயரையும் அவள் சுருக்கியிருந்தாள். அவன் அதையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். நானும் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். மதியத்துக்குள் ஏழு பெயரும் யோசிக்காமலே கையில் வந்தன. இன்றைக்கும் அந்த வரிசையை என்னால் ஒப்பிக்க முடியும்.

திங்கட்கிழமை முதல் மூன்று நாளும் தோழி வகுப்பு வகுப்பாகப் போனாள். காலையில் பஸ்ஸில் வரும்போதே யார் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருப்பாள். வடக்குக்காரர் என்ன சொன்னார், தெற்குக்காரர் என்ன சொன்னார் என்றெல்லாம் படித்து வந்து சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள். சிலர் எங்கள் சீட்டை வாங்கி, தங்களுக்குப் பிடிக்காத பெயரை அடித்துவிட்டு, எதிர்ப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எழுதினார்கள். அதற்கும் விதியில் இடம் இருந்தது.

வியாழக்கிழமை இடைவேளை மணி அடித்தபோது அறிவியல் வகுப்பின் டின் வரவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் செய்முறைப் பரீட்சை. மிஸ் மற்ற டின்களைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் கரும்பலகையில் கோடு போட்டு எண்ணினார். அதிக ஓட்டு வாங்கிய ஏழு பேரில் தெற்குப் பட்டியலிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். வடக்கிலிருந்து இரண்டு பேர், மலாய்ப் பையனும் நானும். எங்கள் இரண்டு பேருடைய பெயரும் சுருக்கமாக இருந்ததால், பெயரை மாற்றி எழுதியவர்கள் அவற்றை அடிக்காமல் விட்டிருந்தார்கள் என்பது என் ஊகம்.

"ரெண்டு பேர் வந்திட்டினம்" என்று தோழி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். தோற்றுப்போன கட்சிக்காரி மாதிரியே இல்லை.

மிஸ் முடிவை அறிவித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அறிவியல் வகுப்புப் பையன் ஒருவன் டின்னைத் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்து ஓடி வந்தான். சட்டையில் ஏதோ அமிலம் பட்ட மஞ்சள் கறை. "பிந்திவிட்டது. ஆனாலும் எண்ணிப் பார்ப்போம், தெரிந்துகொள்ள மட்டும்" என்றார் மிஸ். கரும்பலகையின் ஓரத்தில் எண்ணினார். அந்த வகுப்பு ஏறக்குறைய முழுதாகத் தெற்குக்குப் போட்டிருந்தது. அவற்றையும் சேர்த்தால் மலாய்ப் பையனும் நானும் தோற்றிருப்போம். ஏழு இடமும் தெற்குக்குப் போயிருக்கும்.

"ஆனால் சேராது" என்றாள் தோழி.

"சேராது" என்றார் மிஸ். கரும்பலகையின் ஓரத்தில் இருந்த கோடுகளை அவர் அழிக்கவில்லை. மத்தியானம் வரை அவை என் கண் முன்னாலேயே இருந்தன.

பேராளர்கள் மறுநாள் கூட வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா வேலை முடிந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் கேட்டேன்.

"அப்பா, எல்லாரும் சேந்து ஒரு ஆள ஒரு வேலையா அனுப்பினா, அவரு அங்க போயி வேற மாதிரி செய்யலாமா?"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. "தோட்டத்த வித்தப்ப லயத்து வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொன்னாங்கல்ல. அப்ப நாங்க ஒரு ஆள அனுப்பினோம். ஆறு மாசம் கேளுங்கன்னு சொல்லித்தான் அனுப்பினோம். அவரு போயி மூணு மாசத்துக்கு ஒத்துக்கிட்டு வந்துட்டாரு."

"ஏன்?"

"ஆறு மாசம் கேட்டா மறுநாளே வெளிய போகச் சொல்லிருவாங்கன்னு சொன்னாரு. அங்க உக்காந்து பாத்தப்ப அவருக்கு அப்படித் தோணிருக்கு."

"அது நெசமா?"

"நெசமாவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறம் அவரு மக கல்யாணத்துக்கு லயத்துல ஒருத்தரும் போகல."

"நீங்க?"

"நானும்தான் போகல." தட்டை வழித்தார். "அனுப்பினா சொன்னதச் செய்யணும்லா. இல்லாட்டி அவங்க எதுக்கு அனுப்பணும்."

"அனுப்பினவங்க கொஞ்ச பேரா இருந்தா? மத்த நெறைய பேரு வேற கேட்டிருந்தா?"

"இது என்னா, பள்ளிக்கூடத்து வெளையாட்டா?"

"ஆமா."

"வெளையாட்டுக்கு எதுக்கு இம்புட்டு யோசன" என்று எழுந்து கை கழுவப் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் தோழி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு மலாய்ப் பையனைப் பற்றித்தான் கவலை. அவன் கேள்வி கேட்டவன், எதையாவது செய்துவைப்பான் என்றாள். "ஐந்துக்கு ரெண்டு எண்டு வந்தால் பரவாயில்லை, மரியாதையான தோல்வி" என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேனா என்று இப்போது நினைவில்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் நிலையத்தில் இறங்கிப் பள்ளிக்கூடம் வரை நடந்தோம். அவள் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பேராளர் சுமக்கக் கூடாது என்று.

நூல்நிலையத்தில் ஏழு பேரும் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் தாள். நான் தெற்குக்காரரின் பெயரை எழுதினேன். கையெழுத்து தெரியக்கூடாதென்று பெரிய எழுத்தில் எழுதினேன்.

மிஸ் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். தெற்கு ஆறு, வடக்கு ஒன்று.

சுவரோரம் நின்றவர்களிடையே ஒரு சலசலப்பு. தோழி நேராக மலாய்ப் பையனைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் விரித்து, "நான் இல்லை. நான் வடக்குக்குத்தான் போட்டேன்" என்றான். அவன் சொன்ன விதத்தில் சந்தேகப்பட இடமில்லை. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். மிஸ் மட்டும் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, நம்ப முடியாதவர்போல் சிரித்தார். பிறகு அங்கேயே நின்று உண்மையில் நடந்ததைச் சொன்னார். அந்த வருஷம் பென்சில்வேனியாவில் மேற்குக் கோடி மாவட்டம் ஒன்றின் முடிவு கெடுவுக்குள் வரவில்லை. அதனால் தோற்றிருக்க வேண்டிய வடக்குக் கட்சிக்கு இரண்டு பேராளர்கள் கிடைத்தார்கள். அந்த இருவரில் ஒருவர் தன் கட்சியை விட்டுத் தெற்குக்காரருக்கு ஓட்டுப் போட்டார். பதினான்குக்கு ஒன்று. அவரை அனுப்பியவர்கள் பத்திரிகையில் எழுதித் தீர்த்தார்கள். இத்தனைக்குப் பிறகும் நாடு முழுவதும் எண்ணியபோது வடக்குக்காரரே மூன்று வாக்கில் ஜெயித்து ஜனாதிபதியானார்.

"அப்படியே நடந்திருக்கிறது" என்று மிஸ் மறுபடியும் சொன்னார். "அப்படியே."

தோழி கையை உயர்த்தினாள். வகுப்பில் சந்தேகம் கேட்பதுபோல மிகவும் மரியாதையாக.

"மிஸ், வியாழக்கிழமை அறிவியல் வகுப்புக்குச் செய்முறைப் பரீட்சை என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

மிஸ்ஸின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "தெரியும்."

"அதனால்தான் வியாழக்கிழமை வைத்தீர்களா?"

"ஆமாம். பிந்தி வரும் மாவட்டம் ஒன்று இருந்தால் உங்களுக்கு நன்றாகப் புரியும் என்று நினைத்தேன்."

"அவளிடமும் சொல்லி வைத்தீர்களா?"

"இல்லை. அவளிடம் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை."

அது உண்மை. ஆனால் முதலாவதை ஒப்புக்கொண்ட பிறகு இரண்டாவதை யாரும் நம்பவில்லை. அதைச் சொன்னபோது மிஸ் என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகச் சிரித்தார். பார்த்தவர்களுக்கு அது இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றாகத்தான் பட்டிருக்கும். போதாததற்கு இடைவேளையில் தெற்குக் கட்சித் தலைவன் உருளைக்கிழங்கு அடைத்த ஒரு கறிபாப் வாங்கிக்கொண்டு வந்து, கேண்டீனில் எல்லோர் முன்னாலும் என்னிடம் நீட்டினான். வேண்டாம் என்றேன். அவன் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனான். யாரும் அதைத் தொடவில்லை.

நான் ஏன் அப்படிப் போட்டேன் என்பதற்குப் பிற்காலத்தில் நான் சொல்லிக்கொண்ட பதில், எண்ணாமல் விட்ட டின்னைப் பற்றியது. அதிகம் பேர் எதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு எனக்கு உரிமையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து வேறு மாதிரி எழுத மனம் வரவில்லை. இது உண்மைதான். இன்னொன்றும் உண்மை. அந்தச் சனிக்கிழமை முழுவதும் அப்பா பெயர் இல்லாமல் என் பெயரை நானே எழுதி எழுதி அடுக்கியது எனக்குள் எங்கேயோ கிடந்தது. நூல்நிலையத்தில் பேனாவைத் திறந்தபோது இந்த இரண்டில் எது முன்னால் வந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பல வருஷம் முதலாவதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் தோழி யாரோ ஒரு மலாய் அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் மேசையை மாற்றிக்கொண்டாள். அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் நிலையத்தில் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"மிஸ் உனக்கு முதலே சொன்னவவா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"பொய் சொல்லாதை" என்றாள். சத்தம் போடவில்லை. அவளுடைய பஸ் வந்தது, என்னுடைய பஸ்ஸும் அதுதான். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

மிஸ் அந்த வருஷக் கடைசியில் ஊர் திரும்பினார். கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை அனுப்பினார். தன் புதிய மாணவர்களிடம், ஈப்போவில் யாரும் சொல்லாமலே ஒரு பெண் அந்தப் பழைய பேராளர் செய்ததைச் செய்தாள் என்று அடிக்கடி சொல்வதாக எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டுபோய்த் தோழியிடம் காட்டலாம் என்று இரண்டு நாள் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். மிஸ் எனக்கு மட்டும் அட்டை அனுப்பியிருக்கிறார் என்பதைத்தான் அவள் முதலில் கவனிப்பாள் என்று பட்டது. காட்டவில்லை.

அடுத்த வருஷம், மேல் ஆறாம் படிவம் முழுவதும் நாங்கள் ஒரே வகுப்பில், இரண்டு வரிசை இடைவெளியில் இருந்தோம். தேவையானதைப் பேசிக்கொண்டோம், குறிப்பேடு கேட்பது, ஆசிரியர் வந்தாரா என்பது போல. பரீட்சை முடிந்தது. கலைப் பிரிவிலிருந்து போனவள் எப்படியோ அறிவியல் பாடங்களைத் தனியாக எழுதி, இந்தியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனாள் என்று ஒன்றிரண்டு வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனேன். வயது வந்து, குனோங் ராபாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் சொந்த நாட்டு ஓட்டைப் போட்டேன். கட்டத்தில் ஒரு குறி போட்டால் போதும். அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. கல்லுடைக்கும் இடத்தின் புழுதிதான் என்றார்கள். அண்ணன் அப்போது மலைக்குப் போகும் பஸ் ஓட்டிக்கொண்டு, மலையடிவார ஊரான தாப்பாவில் குடியிருந்தான். காற்று நன்றாக இருக்கும் என்று அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். ஒரு மழைக்காலத்தில் இழுப்பு அதிகமாகி அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

காலையில் டாக்டர் சுற்றி வரும்போது கட்டில் பக்கத்தில் நின்றேன். வெள்ளைக் கோட்டில் வந்தது என் தோழி. இருவரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டோம். அவள் அப்பாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு முடித்த பிறகுதான் என்னிடம் பேசினாள். கண்ணாடி போட்டிருந்தாள். நான் கொஞ்சம் பருத்திருந்தேன்.

"இவர் உன்ர அப்பாவோ?"

"ஆமா."

"பயப்பட ஒண்டுமில்லை. ரெண்டு நாள் வைச்சிருப்பம்."

மறுநாள் மதியம் அவளே கட்டிலருகே வந்து, டீ குடிக்கலாமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்னக் கேண்டீன். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. எனக்கு இரண்டு பையன்கள். இதையெல்லாம் பேசி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு நான்தான் எடுத்தேன்.

"அன்னைக்கு மிஸ் எனக்கு எதுவும் சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"எப்போலேந்து?"

"அந்தக் கிழமையே தெரியும். உனக்கு நடிக்க வராது. மிஸ் சொல்லித் தந்திருந்தால் நூல்நிலையத்தில உன்ர முகம் அப்பிடி இருந்திராது."

பத்து வருஷத்துக்கு மேலாக நான் எனக்குள் தயார் செய்து வைத்திருந்த விளக்கங்களுக்கு இப்போது வேலை இல்லாமல் போயிற்று. "அப்புறம் ஏன் என்கூடப் பேசல?" என்றேன்.

அவள் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். சீனி ஏற்கனவே கரைந்திருக்கும். "அன்றைக்குக் காலமை பஸ்ஸில இருபது நிமிசம் எனக்குப் பக்கத்தில இருந்தனி. அந்தப் பொடியன் மாத்திப் போட்டுவிடுவான் எண்டு நான் புலம்பிக்கொண்டு வாறன். நீ கேட்டுக்கொண்டு வாறாய். ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா நீ என்னை மாத்தியிருப்ப."

"ஓம்" என்றாள். "மாத்தித்தான் இருப்பன்."

அவளைத் தேடி ஒரு தாதி வந்து, பிரசவ வார்டில் கூப்பிடுகிறார்கள் என்றாள். அவள் மிச்ச டீயை நின்றுகொண்டே குடித்தாள். அப்பாவை இனி எந்தப் புழுதி வேலைக்கும் அனுப்பக் கூடாது, வீட்டுக்குள் ஊதுபத்தி ஏற்றுவதைக்கூடக் குறைக்க வேண்டும் என்றாள். அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. மருந்துச் சீட்டில் ஓரமாகத் தன் வீட்டு டெலிபோன் எண்ணை எழுதி வைத்திருந்தாள். அடுத்த வருஷம் அவளை ஜொகூருக்கு மாற்றினார்கள். பொங்கலுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று நாங்கள் போனில் பேசிக்கொண்டோம், பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி. பழைய நெருக்கம் வரவில்லை, வர வேண்டும் என்று இருவரும் பிரயாசைப்படவும் இல்லை. அப்பா அண்ணன் வீட்டுப் பின்னால் கீரை போட்டார். மழை நாளில் மட்டும் இருமுவார்.